வடா பாவ்: ஒரு சிற்றுண்டியின் வரலாறும் கணக்கும்

(மேல்நிலை இரண்டாம் ஆண்டு, மனையியல் பிரிவு மாணவியர்)

கல்விச் சுற்றுலா சென்று வந்தால் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டும் என்பது நம் பள்ளியின் எழுதாத சட்டம். எங்களுக்கு முன் சென்ற அக்காமார்கள் எழுதியவற்றை நூலகத்தில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தோம். மைசூர் அரண்மனை, கொச்சித் துறைமுகம், தஞ்சைப் பெரிய கோயில் என்று எல்லா ஊர்களும் இருக்கின்றன. கட்டடங்களின் உயரமும் கட்டிய ஆண்டும் தவறாமல் இருக்கின்றன. போன இடத்தில் என்ன சாப்பிட்டார்கள் என்று மட்டும் ஒருவரும் எழுதவில்லை. மனையியல் படிக்கும் நாங்கள் அந்தக் குறையைத் தீர்த்து வைக்க எண்ணினோம். ஆகவே மும்பையில் நாங்கள் கண்ட இந்திய நுழைவாயிலையும், படகில் சென்று பார்த்த எலிபண்டாக் குகைகளையும், வொர்லியில் உள்ள நேரு அறிவியல் மையத்தையும் இந்த ஒரே வாக்கியத்தோடு விட்டுவிடுகிறோம். மன்னிக்கவும்.

புறப்படுவதற்கு முன்பே சிஸ்டர் எங்களை வரிசையில் நிறுத்தி விதிகளைச் சொன்னார்கள். கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரைத்தான் குடிக்க வேண்டும். சன்னலுக்கு வெளியே கை நீட்டக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தெருவில் விற்கும் எதையும் வாங்கித் தின்னக்கூடாது. மூன்றாவது விதியைச் சொல்லும்போது கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னார்கள். அங்கே நின்றவர்கள் யார் என்பது எங்களுக்குத் தெரியும், இங்கே எழுதமாட்டோம்.

ஒன்றரை நாள் ரயில் பயணம். மாணவியர் 18 பேர், ஆசிரியைகள் இருவர், சிஸ்டர் ஒருவர், ஆக 21 பேர். புளிச்சாதமும் எண்ணெய்ப் பொடி தடவிய இட்லியும் தீர்ந்த பிறகு பேச்சு சாப்பாட்டைச் சுற்றியே வந்தது. அப்போது எங்கள் தோழி ஒருத்தி ஒரு வேடிக்கைக் கதை சொன்னாள். (பெயர் போட வேண்டாம், மற்றதை எழுதலாம் என்று அவளும் அவள் அம்மாவும் அனுமதி தந்திருக்கிறார்கள்.) அவளுடைய அப்பா அவள் பிறப்பதற்கு முன்பிருந்தே மும்பையில் தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறார். ஆண்டுக்கு ஒரு முறை ஊருக்கு வருவார். மற்ற நாள்களில் இரவு போன் வரும். "சாப்பிட்டாச்சாப்பா?" என்று இவள் கேட்பாள். "ஆச்சும்மா, மத்தியானம் வடை சாப்பிட்டேன்" என்பார். தினமும் அதே பதில். சிறு வயதில் இவள் அம்மாவிடம் அழுதிருக்கிறாளாம்: "அப்பா மட்டும் தெனமும் வடை திங்காங்க. நமக்கு மட்டும் கிறிஸ்துமஸுக்குத்தான் வடையா?" நாங்கள் எல்லாரும் சிரித்தோம். அவளும் சிரித்தாள்.

காலையில் தாதர் நிலையத்தில் இறங்கினோம். அவ்வளவு கூட்டத்தை நாங்கள் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. மேம்பாலப் படிக்கட்டின் கீழே அவளுடைய அப்பா நின்றுகொண்டிருந்தார். ஒல்லியான உருவம்; இஸ்திரி போட்ட சட்டை. இரண்டு கைகளாலும் ஒரு பெரிய பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். மகளைப் பார்த்ததும் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் திகைத்தார். பிறகு சிஸ்டருக்கு வணக்கம் சொல்லி, "பிள்ளைங்க பசியோட வந்திருக்கும். வடா பாவ் வாங்கிட்டு வந்தேன் சிஸ்டர், 21 பேருன்னு மக போன்ல சொன்னா" என்றார்.

நாங்கள் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தோம். தோழி எங்கள் யாரையும் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். மூன்றாவது விதி எல்லாருக்கும் நினைவு இருந்தது.

சிஸ்டர் பொட்டலத்தின் அடியில் உள்ளங்கையை வைத்தார்கள், உடனே எடுத்துக்கொண்டார்கள். "எப்ப பொரிச்சது?" என்று கேட்டார்கள். "எண்ணெயில இருந்து எடுக்க எடுக்க வாங்கினேன் சிஸ்டர், பத்து நிமிஷம்கூட ஆகல" என்றார். சிஸ்டர் பொட்டலத்தைப் பிரித்து, உள்ளே தனியாக வைத்திருந்த பச்சைச் சட்னிப் பையை மட்டும் எடுத்து ஓரமாக வைத்தார்கள். "இது வேண்டாம். மற்றதைச் சாப்பிடலாம்" என்று சொல்லி முதல் வடா பாவைத் தாமே எடுத்தார்கள். எண்ணிப் பார்த்தபோது சரியாக 21 இருந்தன. அவர் தமக்கு வாங்கவில்லை. சிஸ்டர் தம்முடையதைப் பிட்டுப் பாதியை அவர் கையில் வைத்தார்கள்.

இனி அதன் சுவையைச் சொல்ல வேண்டும். பார்ப்பதற்கு நடுவில் கீறிய ஒரு சதுரமான ரொட்டி. அதுதான் பாவ். அதற்குள் நம் ஊர் உருளைக்கிழங்கு போண்டா போல ஒன்று. அதுதான் வடா. அவித்து மசித்த உருளைக்கிழங்கில் பூண்டு, இஞ்சி, பச்சை மிளகாய், மஞ்சள், கொத்தமல்லித் தழை சேர்த்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்துக் கொட்டி, உருட்டி, கடலை மாவுக் கரைசலில் தோய்த்துப் பொரித்தெடுப்பார்கள். நம் போண்டாவில் வெங்காயம் தூக்கலாக இருக்கும். இதில் பூண்டு முன்னே நிற்கிறது. ரொட்டியின் உட்புறத்தில் சிவப்பாக ஒரு பொடியைத் தூவியிருந்தார்கள். பூண்டும் கொப்பரையும் வற்றல் மிளகாயும் உப்பும் சேர்த்து இடித்த பொடி அது. பக்கத்தில் எண்ணெயில் வாட்டி உப்புப் புரட்டிய பச்சை மிளகாய் ஒன்று. முதல் கடியில் ரொட்டி மெத்தென்று அமுங்கும். அடுத்து மாவுத் தோல் மொறுக்கென்று உடையும். பிறகு சூடான கிழங்கு நாக்கில் வந்து விழும். விழுங்கிய பிறகுதான் அந்தச் சிவப்புப் பொடி தன் வேலையைக் காட்டும். எங்களில் நான்கு பேருக்குக் கண்ணில் நீர் வந்தது. தோழிக்கும் வந்தது. ஆனால் அது மிளகாயால் அல்ல என்பது எங்களுக்குச் சற்று நேரத்தில் தெரிந்தது.

நடந்தது இதுதான். எங்களில் ஒருத்தி, "ரொம்ப நல்லாருக்கு மாமா, நீங்க அடிக்கடி சாப்பிடுவீங்களா?" என்று கேட்டுவிட்டாள். அவர் சிரித்துக்கொண்டே, "இதுதாம்மா மத்தியானச் சாப்பாடு. ரெண்டு வாங்கிட்டா வேலை ஓடிரும். சோத்துக்கடைக்குப் போனா காசும் போகும், நேரமும் போகும்" என்றார். ஆண்டுக்கணக்காக அவர் போனில் சொன்ன "வடை" இதுதான். கொடுப்பினை என்று மகள் நினைத்திருந்தது, காசை மிச்சம் பிடிக்க அவர் கண்ட வழி.

பேருந்தில் ஏறியதும் அவள் பேசவில்லை. வெகு நேரம் கழித்து மனையியல் டீச்சரிடம், "டீச்சர், ஒரு வடா பாவ்ல எத்தனை கலோரி இருக்கும்?" என்று கேட்டாள். இந்தக் கட்டுரை உண்மையில் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

டீச்சர் விடை சொல்லவில்லை, கணக்கிடச் சொன்னார்கள். குறிப்பேடுகளை எடுத்தோம். பாவ் ஒன்று ஏறத்தாழ 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் 135 கலோரி. உருளைக்கிழங்கு 60 கிராம், சுமார் 58 கலோரி. கடலை மாவு 15 கிராம், சுமார் 56 கலோரி. பொரிக்கும்போது வடை உறிஞ்சும் எண்ணெய் 8 கிராம் என்றால் 72 கலோரி. ஆகக் கூடி 320 கலோரிக்குச் சற்று மேல். இரண்டு தின்றால் 640. நடுத்தர உழைப்புச் செய்யும் ஆணுக்கு நாள் ஒன்றுக்குச் சுமார் 2,700 கலோரி தேவை என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பட்டியல். ஆகவே இரண்டு வடா பாவ் அதில் நாலில் ஒரு பங்குகூட இல்லை. புரதம் ஒன்றில் 8 கிராம் அளவுக்குத் தேறும். இரண்டில் 16 கிராம். ஒரு நாளைக்கு வேண்டியது 54 கிராம். பழமும் கீரையும் அறவே இல்லை. பச்சை மிளகாயைக் காய்கறி என்று கணக்கில் சேர்க்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். டீச்சர் சிரிக்கவில்லை.

ஆனால் வடா பாவைக் குறைத்தும் பேச முடியாது. கோதுமை, அரிசி போன்ற தானியங்களின் புரதத்தில் லைசின் என்னும் அமினோ அமிலம் குறைவு. பருப்பு வகைகளில் அது நிறைய உண்டு. பருப்பில் குறைவான மெத்தியோனின் தானியத்தில் உண்டு. அரிசியோடு உளுந்து சேர்த்து நம் பாட்டிமார் இட்லி அவித்தது போல, கோதுமை ரொட்டிக்குள் கடலை மாவு வடையை வைத்தவர் அறிந்தோ அறியாமலோ நல்ல சேர்க்கை ஒன்றைச் செய்திருக்கிறார். கையில் வைத்து நடந்துகொண்டே தின்னலாம். தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், உட்கார இடமும் வேண்டாம்.

அப்படிச் செய்தவர் யார்? 1966இல் தாதர் நிலையத்துக்கு வெளியே கடை வைத்திருந்த அசோக் வைத்யா என்பவர் பெயரைத்தான் பெரும்பாலோர் சொல்கிறார்கள். தாதரிலிருந்து பரேல், லால்பாக் பக்கமாக அக்காலத்தில் வரிசையாகப் பஞ்சாலைகள். அப்பகுதிக்கே கிரண்காவ், அதாவது ஆலைகளின் ஊர், என்று பெயர். சங்கு ஊதியதும் ஓட வேண்டிய தொழிலாளிக்கு உட்கார்ந்து சாப்பிட நேரமில்லை. வடையையும் ரொட்டியையும் ஒன்றாக்கிக் கொடுத்தது அவர்களுக்குப் பொருத்தமாக அமைந்தது.

இந்த இடத்தில் தமிழர்களாகிய நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அதே 1966இல்தான் சிவசேனை என்ற அமைப்பு மும்பையில் தொடங்கப்பட்டது. தென்னிந்தியர்கள் வந்து வேலைகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்பது தொடக்கக் காலத்தில் அதன் பெரிய குறை. உடுப்பி ஓட்டல்களின் இட்லி, தோசைக்கு மாற்றாக மராத்திய இளைஞர்கள் வடா பாவ் விற்கட்டும் என்று அது ஊக்கமும் கொடுத்தது. ஆக, நம்மவர் வேண்டாம் என்ற குரலோடு சேர்ந்து வளர்ந்த பண்டம் இது. அந்த வடா பாவைத் தின்றுதான் நம் ஊர்க்காரர் ஒருவர் தாராவியில் பை தைத்து மகளைப் படிக்க வைக்கிறார். அதே தாராவியில் தமிழ்ப் பெண்கள் விடியற்காலையில் அவிக்கும் இட்லி பெரிய பாத்திரங்களில் ஏறி நகரெங்கும் விற்பனைக்குப் போகிறது. மராத்தியரும் வாங்கித் தின்கிறார்கள். சண்டை போட்டவர்களின் வயிறுகள் எப்போதோ சமாதானமாகிவிட்டன போலும்.

1982 ஜனவரி 18ஆம் நாள் தத்தா சாமந்த் தலைமையில் பஞ்சாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் இரண்டரை இலட்சம் பேர் வெளியே வந்தார்கள். அந்த வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துக்கொள்ளப்படவே இல்லை. ஆலைகள் பல மூடப்பட்டன. வேலை இழந்தவர்களில் சிலர் தள்ளுவண்டியில் எண்ணெய்ச் சட்டி வைத்தார்கள். வாங்கித் தின்றவர்கள் விற்பவர்கள் ஆனார்கள். இன்று நகரத்தில் வடா பாவ் இல்லாத தெருமுனை அரிது. நாங்கள் விசாரித்த கடைகளில் ஒன்றின் விலை 15 ரூபாயிலிருந்து 20 ரூபாய் வரை இருந்தது. 21 வடா பாவுக்கு 315 ரூபாய் என்று தோழி மனத்துக்குள் பெருக்கிப் பார்த்திருக்கிறாள். ஒரு பை தைத்தால் என்ன கூலி என்பது அவளுக்குத் தெரியும், எங்களுக்குச் சொல்லவில்லை.

வரலாற்று டீச்சரும் எங்களோடு வந்திருந்ததால் பேருந்து வகுப்பறையாகிவிட்டது. வடா பாவில் உள்ள பொருள்களில் எவையெல்லாம் இந்தியாவுக்கு உரியவை என்று கேட்டார்கள். எல்லாமே என்றோம். தவறு. உருளைக்கிழங்கின் தாயகம் தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் செடி. 1498இல் வாஸ்கோ ட காமா கள்ளிக்கோட்டைக்கு வந்த பிறகு போர்த்துக்கீசியர் கப்பல்களில் புதிய செடிகள் பல நம் மேற்குக் கரையில் இறங்கின. மராத்தியர் உருளைக்கிழங்கை இன்றும் 'பட்டாட்டா' என்கிறார்கள். அது போர்த்துக்கீசியச் சொல். நாம் பெயரைக் கடன் வாங்காமல், உருண்டையாக இருக்கிறது என்று உருளைக்கிழங்கு என்றோம். மிளகு போல் உறைக்கும் காய் என்று மிளகாய் என்றோம். மிளகாய் வருவதற்கு முன் நம் குழம்புக்கு உறைப்புக் கொடுத்தது மிளகுதான் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி.

பாவ் என்பதும் 'பாவும்' என்பது போல மூக்கால் ஒலிக்கும் போர்த்துக்கீசியச் சொல்லிலிருந்து வந்தது. ரொட்டி என்று பொருள். இலங்கைத் தமிழர் ரொட்டியைப் பாண் என்பதும் அதே சொல்தான். பம்பாய்த் தீவுகள் 1534 முதல் போர்த்துக்கீசியர் கையில் இருந்தன. 1661இல் தம் நாட்டு இளவரசி காதரைன் இங்கிலாந்து மன்னர் இரண்டாம் சார்லசை மணப்பதற்கான ஒப்பந்தத்தில் அவற்றைச் சீதனமாகக் கொடுத்தார்கள். மன்னர் 1668இல் அவற்றைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகைக்கு விட்டார்! பின்னாளில் கோவாவிலிருந்து ரொட்டி சுடுபவர்கள் பலர் பம்பாயில் குடியேறினார்கள். ஈஸ்ட் கிடைக்காத காலத்தில் கோவாக்காரர்கள் தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்க வைத்தார்களாம். நம் ஆப்ப மாவும் அப்படித்தானே? போர்த்துக்கீசியர் நமக்கு விட்டுச் சென்ற சொற்களை டீச்சர் வரிசையாகச் சொன்னார்கள்: மேசை, அலமாரி, சாவி, சன்னல், அன்னாசி. சன்னலுக்கு வெளியே கை நீட்டாதே என்று நம் சிஸ்டர் விதி போடுவதற்கும் அவர்கள் சொல் தேவைப்பட்டிருக்கிறது.

சரி, தெருப் பண்டம் தின்னக்கூடாது என்ற சிஸ்டர் ஏன் அன்று தின்ன விட்டார்கள்? பெற்றோர் இதைப் படித்துவிட்டுக் கேட்கக்கூடும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறோம். நாங்களும் அன்றிரவு விடுதியில் கேட்டோம். "அவர் மனசு நோகக்கூடாதுன்னுதானே சிஸ்டர்?" என்றோம். "மனசுக்காக உங்க வயித்தைப் பணயம் வைக்க மாட்டேன். சூட்டைப் பார்த்தேன்" என்று சொன்னார்கள்.

வடை பொரியும் எண்ணெயின் வெப்பம் 170 டிகிரி முதல் 190 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். மாவில் உள்ள நீர் உடனே ஆவியாகி வெளியேறுகிறது. நாம் காணும் குமிழ்கள் அந்த நீராவிதான். கிழங்கு முன்னமே அவிந்தது. எண்ணெயில் மறுபடியும் நன்றாகச் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் நோய்க் கிருமிகள் பிழைப்பதில்லை. ஆனால் ஆறிய பிறகு கதை வேறு. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில் கிருமிகள் விரைவாகப் பெருகும். ஈரமும் மாவுச்சத்தும் நிறைந்த அவித்த கிழங்கு அவற்றுக்கு விருந்து. எனவே கேட்க வேண்டிய கேள்வி "கடை தெருவில் இருக்கிறதா?" என்பதைவிட "எப்போது பொரித்தது?" என்பதே.

பச்சைச் சட்னி? கொத்தமல்லித் தழையைக் கழுவிய தண்ணீரும் அரைக்க ஊற்றிய தண்ணீரும் கொதித்தவை அல்ல. அரைத்த பிறகும் யாரும் அதைக் கொதிக்க வைப்பதில்லை. அந்தத் தண்ணீர் நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. சிவப்புப் பூண்டுப் பொடியில் அந்தத் தொல்லை குறைவு. அதில் ஈரம் இல்லை. ஈரம் இல்லாத இடத்தில் கிருமி பெருக வழியில்லை. ஊறுகாயையும் வற்றலையும் கருவாட்டையும் காப்பாற்றுவது, உப்போடு சேர்ந்து, இந்த நியாயந்தான்.

சிஸ்டர் குறை சொன்ன விஷயங்களும் உண்டு. வடா பாவைச் செய்தித்தாளில் சுற்றித் தருகிறார்கள். சூடான எண்ணெய் பட்டால் அச்சு மை உணவில் ஏறும். எனவே செய்தித்தாளில் உணவைப் பொதியாதீர்கள் என்று இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2016இலேயே அறிவுறுத்தியது. (நம் ஊர் டீக்கடைகள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை.) காய்ச்சிய எண்ணெயையே திரும்பத் திரும்பக் காய்ச்சுவதும் கேடு. எண்ணெய் சிதைந்து உண்டாகும் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக்கூடாது என்று 2018 ஜூலை முதல் விதி இருக்கிறது. அளந்து பார்க்கும் கருவி நம்மிடம் இல்லை; எண்ணெய் கறுத்து, நுரைத்து, புகைந்தால் அந்தக் கடையை விட்டு நகர்ந்துவிடலாம். கடைக்காரரைக் குற்றம் சொல்வதற்கு முன் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும்: குழாய்த் தண்ணீரும் குப்பைத் தொட்டியும் இல்லாத மூலையில் அவர் நிற்கிறார். தெரு வியாபாரிகளுக்கென்று 2014இல் ஒரு சட்டம் வந்தது. இடம் ஒதுக்கி, சான்று கொடுத்து, துரத்தாமல் இருக்க வேண்டும் என்கிறது. துரத்தலுக்கு அஞ்சி வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓட வேண்டியவர் கை கழுவத் தண்ணீர்க்குடம் வைத்துக்கொள்வது எப்படி?

மறுநாள் நாங்களே காசு போட்டு, சிஸ்டர் அனுமதியோடு, விடுதிக்கு அருகே ஒரு வண்டியில் வாங்கினோம். கடைக்காரர் எங்களைத் "தாயீ" என்று கூப்பிட்டார். நம் ஊர்ப் பாட்டி கூப்பிடுவது போல இருந்ததால் பூரித்துப் போனோம். மராத்தியில் அது அக்கா என்று பொருள்படும் என்று பிறகு தெரிந்தது. சிவப்புப் பொடிக் கிண்ணத்தைக் காட்டி, "திகட்?" என்று கேட்டார். "இன்னும் தின்னவே இல்ல, அதுக்குள்ள எப்படித் திகட்டும்?" என்று எங்களில் ஒருத்தி பலமாகத் தலையாட்டி மறுத்தாள். திகட் என்றால் காரம். பாவம், அவளுக்குப் பொடியே கிடைக்கவில்லை.

திரும்பும் ரயில் வேலை நாளில் புறப்பட்டது. தோழியின் அப்பாவால் வர முடியவில்லை. போனில்தான் விடை கொடுத்தார். மும்பையிலிருந்து புணே செல்லும் வழியில் கர்ஜத் என்று ஒரு நிலையம். அங்கிருந்து லோனாவ்ளா வரை சுமார் 28 கிலோமீட்டர் போர் கணவாய் ஏற்றம். 37 அடி சென்றால் ஓர் அடி உயரும். ரயில் பாதைக்கு அது மிகவும் செங்குத்து. 1863இல் திறந்த பாதை அது. ஏற்றத்தில் ரயிலைப் பின்னாலிருந்து தள்ளுவதற்காகக் கர்ஜத்தில் கூடுதல் எஞ்சின்களை மாட்டுவார்கள். எஞ்சின் மாட்டும் நேரம் வடா பாவ் விற்கும் நேரமும் ஆயிற்று. கர்ஜத் வடா பாவுக்கு அந்தத் தடத்தில் தனிப் பெயரே உண்டு. மலை செங்குத்தாக இல்லாவிட்டால் அந்தப் பெயர் வந்திருக்குமா என்பது ஐயமே.

அங்கே தோழி சன்னலோரம் எழுந்து நின்று, "சிஸ்டர், அம்மாவுக்கு ரெண்டு வாங்கிக்கிடட்டுமா?" என்று கேட்டாள்.

ஊர் போய்ச் சேர ஒன்றரை நாள் இருந்தது. அவளும்தான் விடுதியில் சிஸ்டர் சொன்னதைக் குறிப்பேட்டில் எழுதியவள். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் கீழே இரண்டு கோடு போட்டவள். சிஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. அவளே சற்று நேரம் நின்றுவிட்டு, "கெட்டுப் போகும்ல" என்று சொல்லி உட்கார்ந்தாள். பிறகு மறுபடியும் எழுந்தாள். "பொடி கெடாதுல்லா சிஸ்டர்? அதில ஈரம் கிடையாதே?"

கூடை வைத்திருந்த விற்பனையாளருக்கு முதலில் புரியவில்லை. வடா வேண்டாம், பாவ் வேண்டாம், சட்னி மட்டும் வேண்டும் என்றால் யாருக்குத்தான் புரியும்? மனையியல் டீச்சர் தமக்குத் தெரிந்த இந்தியில் விளக்கினார்கள். அவர் அவளை ஒரு முறை பார்த்தார். வெள்ளைத் தாள் ஒன்றில் மூன்று கரண்டி பொடியைக் கொட்டி, மூலைகளை மடித்து நீட்டினார். காசு நீட்டியபோது கையை ஆட்டி மறுத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். பின்னால் எஞ்சின் இடித்து ரயில் ஒரு குலுங்கு குலுங்கியது. பொட்டலத்தை அவள் தன் வடிவியல் பெட்டிக்குள் வைத்து மூடினாள். ஊர் வந்து சேரும்வரை அந்தப் பெட்டி எல்லாம் பூண்டு மணம்.

ஊருக்கு வந்த பிறகு மனையியல் ஆய்வகத்தில் வடா பாவ் செய்து பார்த்தோம். வடா நன்றாகவே வந்தது. பாவுக்குக் கடை பன் வாங்கியதில் இனிப்பு மிகுந்து கெடுத்துவிட்டது. அடுத்த முறை நாங்களே மாவு பிசைவதாக இருக்கிறோம். தோழி தன் அப்பாவுக்கு ஒரு பட்டியல் போட்டிருக்கிறாள்: மத்தியானம் இரண்டு வடா பாவோடு ஒரு கைப்பிடி வறுத்த நிலக்கடலையும் இரண்டு வாழைப்பழமும், இரவில் கட்டாயம் சோறு, பருப்பு, ஏதாவது ஒரு கீரை. போனில் வாசித்துக் காட்டியபோது அவர், "சரிங்க டீச்சர்" என்றாராம்.

பொடியை அவளுடைய அம்மா மறுநாள் காலை இட்லிக்குத் தொட்டுக்கொண்டார்கள். "உப்பு கொஞ்சம் கூட" என்றார்கள். இன்னொரு இட்லி வைத்துக்கொண்டார்கள். "உங்கப்பா தெனமும் இதையா திங்காங்க?" என்று கேட்டார்கள். மிச்சப் பொடியைச் சிறிய பாட்டில் ஒன்றில் போட்டு, அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள்.